முதல் பொன்னாடை விதி

பிரான்ஸ் தேசத்துக்கு அதிக உதைபந்தாட்ட வீரர்களை உற்பத்தி செய்து கொடுத்த பள்ளிக்கூடம் யாழ்ப்பாணக் குடாநாட்டின் சங்குமுனை இந்துக் கல்லூரிதான் என்பது வரலாறு நிறுவிய உண்மை. பரிஸ் நகரின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் இதை எவரும் மறுப்பதில்லை. மறுப்பவர்கள் பாலைத்துறை புனித மத்தேயு கல்லூரியில் படித்தவர்கள். மற்றவர்களுக்கு வேலை இருக்கிறது.

சங்குமுனை மண்ணில் பந்து உதைத்துவிட்டு நேரே பிரெஞ்சுக் கழகமொன்றுக்குப் போனவர் இன்றுவரை ஒருவருமில்லை. போனவர்கள் எல்லோரும் பரிஸ் புறநகர்களான திரான்சியிலும் கார்ஜிலும் பிறந்த பிள்ளைகள். சங்குமுனையை அவர்கள் வாட்ஸ்அப்பில் வரும் தேர்த்திருவிழாப் படங்களில் பார்த்திருக்கிறார்கள். ஆனாலும் தகப்பன் படித்த கல்லூரியே பிள்ளையை உருவாக்கிய கல்லூரி என்பது பரிசிலுள்ள பழைய மாணவர் சங்கங்கள் அனைத்தும் ஒப்புக்கொண்ட கொள்கை. பிள்ளை ஒரு பெரிய கழகத்தின் பயிற்சி நிலையத்துக்குத் தெரிவானால் தகப்பனின் கல்லூரிக்கு ஒரு புள்ளி.

இந்தப் புள்ளிகளைத் தீர்மானிக்கவென்றே ஒரு பேரவை உண்டு. அதன் தலைவர் தவரத்தினம் ஐயா. அவர் படித்த பள்ளிக்கூடத்தில் கரப்பந்து மட்டுமே விளையாடினார்கள். ஆகவே உதைபந்தில் அவருக்குப் பக்கச்சார்பும் இல்லை, அறிவும் இல்லை. இரண்டும் இல்லாத ஒருவரைப் பரிசில் கண்டுபிடிப்பது கஷ்டம் என்பதால் அவரே ஆண்டுதோறும் தெரிவானார்.

சென்ற வருடம் இரு கல்லூரிகளும் சமநிலையில் நின்றன. அதற்கே பெரும்பாடு பட்டிருந்தார்கள். மாலி நாட்டுப் பெற்றோருக்குப் பிறந்த ஒரு பின்கள ஆட்டக்காரனைச் சங்குமுனை இந்து தன் கணக்கில் சேர்த்தது. அவன் சின்ன வயதிலிருந்தே தன் கடைக் கொத்துரொட்டியைத் தின்று வளர்ந்தவன் என்று சங்கத் தலைவர் குகதாசன் வாதாடினார்.

"உடம்பு ஆரின்ரை? எங்கடை ரொட்டியிலை வந்த உடம்பு. ரொட்டியைப் போட்டது ஆர்? சங்குமுனை இந்துவின்ரை பழைய மாணவன்."

பேரவை அவனை 'போசாக்கு வழி மாணவர்' என்று ஏற்றுக்கொண்டது. அடுத்த கிழமையே புனித மத்தேயு சங்கத் தலைவர் மரியரட்ணம் பிரான்சின் பிரத்தாஞ் மாகாணத்து வெள்ளைக்காரக் கோல்காப்பாளர் ஒருவரின் பெயரோடு வந்து நின்றார். புனித மத்தேயு கல்லூரியைத் தொடங்கிய பாதிரியாரும் அந்தக் கோல்காப்பாளரும் ஒரே ஊராம்.

"பாதர் இஞ்சையிருந்து கப்பலேறாட்டில் கல்லூரி இல்லை. கல்லூரி இல்லாட்டில் நானில்லை. நானில்லாட்டில் இந்தப் பெடியனைப் பற்றி இப்ப கதைக்க ஆருமில்லை."

இந்த வாதத்தில் எங்கோ ஒரு ஓட்டை இருப்பதாகத் தவரத்தினம் ஐயாவுக்குப் பட்டது. எங்கே என்று பிடிபடாததால் புள்ளியைக் கொடுத்துவிட்டார்.

இந்தச் சமநிலைக்கு நடுவேதான் சிவமணியின் மகள் லக்ஷனா வந்து மாட்டினாள்.

சிவமணி குகதாசனின் கடையில் கொத்துப் போடுகிறவர். திரான்சியில் வீடு. லக்ஷனாவுக்குப் பதினைந்து வயது, கோல்காப்பாளர். பெரிய கழகமொன்றின் பெண்கள் பயிற்சி நிலையம் அவளைக் கடைசித் தெரிவுக்கு அழைத்திருந்தது. சனிக்கிழமை பின்னேரம் நாலு மணி. கோல்காப்பாளருக்கு இருந்தது ஒரே ஒரு இடம். பெற்றோரில் ஒருவர் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும். வராவிட்டால் அடுத்த பிள்ளையைக் கூப்பிடுவார்கள். தாய் சிவாஜினி ஹோட்டலொன்றில் அறை துப்பரவாக்குகிறவள். அவளுக்குச் சனிக்கிழமை லீவு கிடையாது. ஆகவே சிவமணிதான் போகவேண்டும்.

அவர் லீவு கேட்டார். அதில் பிழையில்லை. காரணத்தையும் சொன்னார். அதுதான் பிழை.

"சனிக்கிழமையோ? விசரே உமக்கு? சனிக்கிழமை கொத்து ஆர் போடுறது?" என்றார் குகதாசன்.

"மகளுக்குப் பந்து விளையாட்டுத் தெரிவு, அண்ணை. நான் கையெழுத்து வைக்கோணும்."

"எந்தக் கழகம்?"

சிவமணி சொன்னார். குகதாசன் எட்டி வெங்காயம் அரியும் மெசினை நிறுத்தினார்.

"நீர் எங்கை படிச்சனீர்?"

"சங்குமுனை இந்து."

ஆறு வருடமாகத் தன்னிடம் வேலை செய்கிற மனிதரைக் குகதாசன் அன்றைக்குத்தான் கட்டிப்பிடித்தார்.

"அண்ணை, நான் அங்கை பந்து விளையாடேல்லை," என்றார் சிவமணி, கட்டிப்பிடித்த கைகளுக்கு உள்ளிருந்து. "வேலிக்கு அங்காலை விழுந்தால் எடுத்துக் குடுக்கிறது மட்டும்தான்."

"அதுக்குப் பேர்தான் அடித்தளம், தம்பி."

செய்தி பேரவைக்குப் போயிற்று. லாச்சப்பல் தேநீர்க்கடை ஒன்றின் பின்பக்க மேசையில் விசாரணை கூடியது. மரியரட்ணம் முதலில் எதிர்த்தார். சங்குமுனை இந்து ஆண்கள் கல்லூரி. பெண்பிள்ளையை எப்படி உற்பத்தி செய்யும் என்று கேட்டார். தவரத்தினம் ஐயா கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். வடை வந்ததும் திறந்தார்.

"பிள்ளை பெட்டைதான். ஆனால் தகப்பன் பெடியன். கல்லூரி தன்ரை வேலையைச் சரியாத்தான் செய்திருக்கு."

"அப்பிடியெண்டால்," என்றார் மரியரட்ணம் மூச்சும் விடாமல், "அந்தப் பிள்ளை எங்கடை பிள்ளை."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. யுத்த இடம்பெயர்வுக் காலத்தில் சங்குமுனை இந்துவுக்குக் கட்டடம் இல்லை. காலையில் புனித மத்தேயு மாணவர்கள் படித்துவிட்டுப் போனதும், அதே கட்டடத்தில் பின்னேரம் சங்குமுனை இந்து நடந்தது. சிவமணியின் ஒன்பதாம் வகுப்பு முழுவதும் அப்படியே போயிற்று.

"அவர் இருந்த வாங்குப் பலகை எங்கடை," என்றார் மரியரட்ணம்.

"படிப்பிச்ச வாத்தியார் எங்கடை," என்றார் குகதாசன்.

"வாத்தியார் நிண்ட வேப்பமர நிழல் எங்கடை!"

"எங்கடை வாத்தியார் வெயிலுக்குள்ளை நிண்டும் படிப்பிப்பார்!"

சாட்சியாக அழைக்கப்பட்டிருந்த சிவமணி தொண்டையைச் செருமினார். "ஐயா, பின்னேரத்திலை எங்களுக்குக் கணக்கும் சைவசமயமும்தான் நடந்தது. விளையாட்டுப் பாடமே இருக்கேல்லை."

"சாட்சி, கேட்டால் மட்டும் கதைக்கலாம்," என்றார் தவரத்தினம் ஐயா. அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

இறுதியில் ஐயா முதல் பொன்னாடை விதியை எடுத்தார். இரு கல்லூரிகளுக்கும் சம உரிமை உள்ள வீரருக்கு, தெரிவு அறிவிக்கப்படுமுன் எந்தச் சங்கத்தின் பொன்னாடை முதலில் தோளில் விழுகிறதோ, அந்தக் கல்லூரியின் உற்பத்தியே அவர். இந்த விதி எப்போது இயற்றப்பட்டது என்று ஒருவர் கேட்டார். "இப்ப," என்றார் ஐயா.

வியாழக்கிழமை பின்னேரம் மரியரட்ணம் லாச்சப்பல் மெத்ரோப் படிகளில் பொன்னாடையோடு பதுங்கி நின்றார். விளையாட்டு உடுப்போடு ஏறிவந்த ஒரு பிள்ளையின் தோளில் பாய்ந்து போர்த்தியும் விட்டார். அது லக்ஷனா அல்ல. கைத்தொலைபேசி அட்டை விற்கிற பிள்ளை. அவள் பொன்னாடையை வைத்துக்கொண்டு அவருக்கு ஒரு அட்டை விற்றாள்.

குகதாசன் நாகரிகமானவர், அவர் விழா எடுத்தார். ஒபர்வில்லியேயில் முன்பு மொத்த வியாபாரக் களஞ்சியமாக இருந்த ஒரு மண்டபம் சனிக்கிழமை ஒரு மணிக்குக் கிடைத்தது.

"நாலு மணிக்கு அங்கை நிக்கோணும், அண்ணை," என்றார் சிவமணி.

"ஒரு மணிக்குத் தொடங்கி இரண்டுக்கு முடிக்கிறம். பிரெஞ்சுக்காரன்ரை நேரம்."

வீட்டில் சிவாஜினி இதைக் கேட்டுவிட்டுச் சோற்றுக்கரண்டியைக் கீழே வைத்தாள். "இஞ்சருங்கோ, சம்பளம் தாறவர் எண்டு பிள்ளையைக் கொண்டுபோய் மேடையிலை ஏத்துங்கோ. நான் ஒண்டும் சொல்லேல்லை. ஆனால் நாலு மணிக்கு அங்கை நிக்காட்டில், ரெண்டு பேரும் அந்தக் கடையிலையே படுங்கோ."

சனிக்கிழமை ஒரு மணிக்கு மண்டபத்தில் ஒலிபெருக்கிக்காரரும் சிவமணியும் லக்ஷனாவும் இருந்தார்கள். இரண்டரைக்குக் கூட்டம் வந்தது. குத்துவிளக்கை ஏற்றப் பிரமுகர்கள் வரிசையாக அழைக்கப்பட்டார்கள். பிரமுகர்கள் திரிகளைவிட அதிகமாக இருந்ததால், ஏற்றியதை அணைத்து அணைத்து மீண்டும் ஏற்றினார்கள்.

அன்று மாலை அதே மண்டபத்தில் ஒரு பிள்ளையின் பூப்பு நீராட்டு விழா, சாமத்திய வீடு, இருந்தது. அதற்கான மயில் சிம்மாசனம் மேடையில் ஏற்கெனவே தோகை விரித்திருந்தது. அதை நகர்த்த முடியாதென்று அலங்காரக்காரர் சொல்லிவிட்டதால் லக்ஷனாவை அதிலேயே இருத்தினார்கள்.

"அப்பா, நான் இதிலை இருக்கமாட்டன்," என்றாள் அவள் பிரெஞ்சில்.

"கொஞ்ச நேரம்தான் அம்மா."

"பின்னாலை மயில் மின்னுது."

"அதைப் பாராதை."

அவள் விளையாட்டு உடுப்போடு, கையுறைகளை மடியில் பிடித்தபடி, மின்னுகிற மயிலுக்கு முன்னால் இருந்தாள். நிகழ்ச்சி நிரலின் கடைசியில் பொன்னாடை இருந்தது. அதற்கு முன்னால் கல்லூரிக் கீதம், வரவேற்புரை, ஆசியுரை, தொடக்கவுரை, தலைமையுரை.

குகதாசன் தலைமையுரைக்கு எழுந்தார்.

"பெரியோர்களே! நான் கல்லூரியில் உதைபந்து விளையாடியவன் அல்லன். ஆனால் விளையாடியவர்களை ஒருநாளும் மறித்தவனும் அல்லன். அந்தப் பெருந்தன்மைதான் இன்று இந்த மேடையில் வீராங்கனையாக வீற்றிருக்கிறது. இந்தப் பிள்ளையை நான் இன்றுதான் முதன்முதலாகக் காண்கிறேன். ஆனால் இவள் கால்களில் எங்கள் கல்லூரி மண்ணைக் காண்கிறேன்!"

"அங்கிள், நான் கோல்கீப்பர். கை," என்றாள் லக்ஷனா.

"கைகளிலும் காண்கிறேன்! பிரெஞ்சுக்காரர்கள் கேட்கிறார்கள், இத்தனை வீரர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்று. நான் சொல்கிறேன், எங்கள் நுழைவாயிலிலிருந்து! கல்லூரிக்கு நாங்கள் கட்டிக்கொடுத்த நுழைவாயில் வளைவு குடாநாட்டிலேயே உயரமானது. மைதானத்தையும் பார்த்தோம். அதில் பெயர் பொறிக்க இடமில்லை. ஆகவே வளைவைக் கட்டினோம்."

பலத்த கைதட்டல். அடுத்து ஊரிலிருந்து கல்லூரி அதிபர் பெருந்திரையில் தோன்றினார். "கேக்குதோ?" என்றார் அதிபர். "கேக்குது," என்றது மண்டபம். "கேக்குதோ?" என்றார் மறுபடியும். இது கொஞ்ச நேரம் நடந்தது.

"வணக்கம். வளைவு நல்லாயிருக்கு. நன்றி," என்றார் அதிபர். "பிள்ளையளின்ரை தொகையைப் பற்றி உங்களோடை ஒரு விஷயம் கதைக்கலாமெண்டு..."

"நேரம் காணாது சேர், வாழ்த்துங்கோ!" என்றார் குகதாசன்.

அதிபர் வாழ்த்தினார். வாழ்த்தும்போதே திரையில் உறைந்துபோனார். கை மட்டும் உயர்ந்தபடி நின்றது.

நேரம் மூன்றைத் தாண்டிவிட்டது. சிவமணி மேடையோரம் போனார். "அண்ணை, பஸ் எடுத்து, ஆர்.ஈ.ஆர் ரெயின் எடுத்துப் போகவேணும்..."

"பொறும் தம்பி. பொன்னாடை இல்லாமல் போனால் மரியரட்ணம் வழியிலை போர்த்திப் போடுவான்."

"அப்ப இப்பவே போர்த்துங்கோவன்."

குகதாசன் அவரை இரக்கத்தோடு பார்த்தார். "மௌன அஞ்சலி முடியாமலோ? நாங்கள் என்ன மத்தேயுவே?"

அறிவிப்பாளர் எல்லோரையும் எழுந்து நின்று கண்களை மூடித் தலை வணங்கச் சொன்னார். மறைந்த அதிபர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ஒரு நிமிடம். படம் கிடைக்காத இரண்டு பேருக்கு இரண்டிரண்டு நிமிடம். இறுதியாக, கறையான் அரித்து விழுந்த பழைய கோல்கம்பத்துக்கு அரை நிமிடம்.

மண்டபம் முழுக்கக் கண்ணை மூடியது. சிவமணியும் மூடினார். முதலாவது அதிபருக்கு மரியாதை செலுத்தினார். இரண்டாவது அதிபரில் சிவாஜினியின் சோற்றுக்கரண்டி நினைவுக்கு வந்தது. ஒரு கண்ணைத் திறந்தார். மயிலுக்கு முன்னால் லக்ஷனா இரண்டு கண்ணும் திறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது அதிபருக்குள் அவர்கள் வாசலில் நின்றார்கள். நான்காவது அதிபருக்குள் பஸ் வந்துவிட்டது.

மைதானத்தில் மழை பிடித்துக்கொண்டது. நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் லக்ஷனா கோலுக்குள் போய் நின்றாள். பயிற்சியாளர் லாரா என்ற உயரமான பெண், சிவமணியின் பெயரைக் கேட்டுத் தலையாட்டினாள். இரண்டு பிள்ளைகள் அந்த ஒரு இடத்துக்கு. மற்றப் பிள்ளை நன்றாகத்தான் பிடித்தாள். லக்ஷனாவும் பிடித்தாள். கடைசியாகத் தண்ட உதைகள் வைப்பதாக லாரா சொன்னாள்.

அப்போதுதான் கார்கள் வந்தன. குகதாசன் பொன்னாடையோடு இறங்கி ஓடிவந்தார். பின்னால் சங்கம். இன்னொரு காரில் மரியரட்ணம், புதுப் பொன்னாடை. மூன்றாவது காரில் தவரத்தினம் ஐயா. மழை என்பதால் கண்ணாடியை மட்டும் இறக்கி நடுநிலை வகித்தார்.

கோலுக்குப் பின்னால், வலைக்கு அந்தப் பக்கம், இரு தலைவர்களும் பொன்னாடையை விரித்துப் பிடித்தபடி, பிள்ளை வெளியே வரும் திசையை ஊகித்து இடமும் வலமுமாக ஓடினார்கள்.

"காலாலை மறி, பிள்ளை!" என்றார் குகதாசன்.

"செபம் சொல்லு, மகள்!" என்றார் மரியரட்ணம்.

முதல் உதை கோலுக்குள் போயிற்று. சங்கத்தார் உற்சாகப்படுத்துவதற்காகக் கல்லூரிக் கீதத்தைத் தொடங்கினார்கள். இரண்டாவதும் போயிற்று. இவர்கள் யார், குடும்பமா என்று லாரா சிவமணியிடம் கேட்டாள்.

"தூரத்துச் சொந்தம்," என்றார் சிவமணி.

லக்ஷனா திரும்பித் தகப்பனைப் பார்த்தாள். "அப்பா! அவையைப் போகச் சொல்லுங்கோ!"

சிவமணி சேற்றில் நடந்து வலையைச் சுற்றிப் போனார். ஆறு வருடச் சம்பளமும் அவரோடு கூடவே நடந்தது.

"அண்ணை," என்றார். "வாயைப் பொத்துங்கோ."

குகதாசன் திகைத்துப்போனார். சிவமணி கடையில் உப்புக் கூடிவிட்டது என்றுகூடச் சொல்லாத மனிதர். குகதாசனின் வாய் தானாக மூடிக்கொண்டது. கீதம் இரண்டாம் சரணத்தில் அறுந்தது. மரியரட்ணம் சிரித்தார். சிவமணி அவர் பக்கம் திரும்பினார். "நீங்களும்தான்."

மிச்ச உதைகள் அத்தனையையும் லக்ஷனா பிடித்தாள். கடைசிப் பந்துக்கு முழு நீளத்துக்குப் பாய்ந்து, சேற்றோடு சேற்றாகக் கிடந்து, பந்தை நெஞ்சோடு அணைத்தபடி எழுந்தாள். குளிரில் பல் கிட்டியது. ஈரம் துடைக்க லாரா சுற்றிலும் துவாய் தேடினாள். எவரிடமும் இல்லை. குகதாசனின் கையில் தங்கக்கரை போட்ட ஒரு துணி இருந்தது. அதை உருவி எடுத்துப் பிள்ளையின் தோளில் சுற்றினாள். மரியரட்ணத்தின் கையில் இருந்ததையும் பறித்துப் பந்தைத் துடைத்தாள். பிறகு, லக்ஷனாவை எடுத்திருப்பதாகச் சொல்லிச் சிவமணியிடம் பேனையை நீட்டினாள்.

சிவமணி கையெழுத்திட்டார். எந்தப் பள்ளிக்கூடம் என்று லாரா கேட்டாள். இரு தலைவர்களும் வாயைத் திறந்தார்கள். "திரான்சி," என்றாள் லக்ஷனா, தன் பள்ளிக்கூடம் அங்கேதான் இருந்தது என்பதால்.

தீர்ப்பு காரின் கண்ணாடி வழியாக அங்கேயே வழங்கப்பட்டது. போர்த்தியது பிரெஞ்சுக்காரி. ஆனால் பொன்னாடை சங்குமுனை இந்துவினுடையது. விதி பொன்னாடையைத்தான் சொல்கிறதே தவிர, கையைச் சொல்லவில்லை. ஆகவே பிள்ளை சங்குமுனை இந்துவின் உற்பத்தி.

"அப்ப எங்கடை பொன்னாடை?" என்றார் மரியரட்ணம்.

"அது பந்திலை பட்டது. பந்து உங்கடை."

மரியரட்ணம் இதில் திருப்தியடைந்தார் என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். இன்றுவரை புனித மத்தேயு சங்கம் அந்தப் பந்தைக் கழகத்திடம் கேட்டுக்கொண்டிருக்கிறது.

சங்குமுனை இந்து தனி முதலிடத்துக்கு வந்தது. முதலிடக் கல்லூரியின் சங்கத் தலைவரான முதலாளி, வீராங்கனையின் தகப்பனை வேலையால் நிறுத்த முடியாது. சிவமணிக்கு இனிச் சனிக்கிழமைகளில் லீவு என்றும், மைதானத்துக்குக் கல்லூரிப் பெயர் போட்ட தொப்பியோடு போகவேண்டும் என்றும் குகதாசன் உத்தரவிட்டார். தொப்பி ஆர்.ஈ.ஆரில் மறக்கப்பட்டது. பிறகு கொடுத்ததும் அப்படியே.

வெற்றியைக் கொண்டாட, கல்லூரியின் இன்றைய உதைபந்தாட்ட அணியை நுழைவாயில் வளைவின் கீழே நிறுத்திப் படமெடுத்து அனுப்பும்படி சங்கம் அதிபருக்குச் சொன்னது. படம் வந்தது. குகதாசன் அதைப் பெரிதாக்கிக் கடைச் சுவரில், கொத்துத் தட்டுக்கு நேர் மேலே மாட்டினார். வளைவு வெகு உயரம். அதன் கீழே பதினொரு பேர் புதுச் சீருடையில்.

லக்ஷனா ஒருநாள் தகப்பனைக் கூட்டிப்போகக் கடைக்கு வந்தபோது அந்தப் படத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தாள்.

"அப்பா, இந்த வெள்ளை மீசைக்காரர் ஆர்?"

சிவமணி ரொட்டி கொத்துகிற தகடுகளை நிறுத்தாமலே நிமிர்ந்து பார்த்தார். "காவலாளி."

"இந்தக் கண்ணாடி போட்டவை மூண்டு பேரும்?"

"வாத்திமார்."

"கோல்கீப்பர்?"

"அதிபர்."

மற்ற ஆறு பேரும் மாணவர்கள். கல்லூரியில் இருப்பதே ஆறு பேர்தான்.